வேகமா, கதியா? தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரு போனும் ஒரு புரொஜெக்டரும்

தரம் 10 விஞ்ஞானத் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு இரவு. கதிக்கும் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை எழுதச் சொல்லியிருந்தேன், இரண்டு புள்ளி. வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த பிள்ளை ஒன்று இப்படி எழுதியிருந்தது: "வேகம் என்பது திசை இல்லாத கணியம். அதோடு திசையும் சேர்ந்தால் அது திசைவேகம்." கதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன், அதிலும் அதே வசனம். மூன்றாவது தாளிலும். பார்த்து எழுதியிருக்குதுகள் என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, அந்த வசனத்தை அவர்களுக்குக் கொடுத்ததே நான்தான்.

நம்முடைய இலங்கைப் பாடநூலில் கதிக்குத் திசை கிடையாது, வேகத்துக்குத்தான் திசை உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் அப்படியில்லை. அங்கே வேகம் என்றாலே திசை இல்லாதது, திசையோடு வருவது திசைவேகம். அதாவது அந்தப் பிள்ளைகள் எழுதியதை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டுக்கு இரண்டு, இங்கே பூச்சியம். அந்த வசனம் வந்த தமிழ்நாட்டு யூடியூப் வீடியோவை வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டது நான். நல்ல வீடியோ, தெளிவான குரல், வளைவுப் பாதையில் கார் ஓடுகிற அனிமேஷன் எல்லாம் இருந்தது. பாதி பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். அந்தப் பாதியிலும் சொல்லைக் கவனிக்காமல் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோடு போட்ட தாள்களுக்கெல்லாம் திரும்பவும் போய்ப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அடுத்த நாள் வகுப்பில் இதைச் சொல்லி, தவறு என்னுடையது என்றதும் பின்வாங்கில் ஒருவன், "அப்ப புள்ளி தருவீங்களா டீச்சர்?" என்று கேட்டான். கொடுக்கவில்லை. நாடு முழுக்க நடக்கிற சாதாரண தரப் (ஓ.எல்.) பரீட்சையில் யாரும் கொடுக்கப் போவதில்லையே.

நான் மலையகத்தில் நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள்தான், அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயிற்சி முடித்து வந்தபோது வெண்கட்டியும் டெமித் தாளும்தான் என் கருவிகள். இப்போது ஒரு புரொஜெக்டர், ஒரு பழைய லெப்டொப், என்னுடைய போன், கணினி அறையில் பத்துக் கணினி, அதில் ஆறு வேலை செய்யும். இந்த ஆறேழு வருடத்தில் இவற்றை வைத்துக்கொண்டு என்னென்ன செய்து எங்கெங்கே விழுந்தேன் என்பதை எழுதிவைத்தால் என்னைப் போல இன்னொருவருக்கு ஒரு தவணையாவது மிச்சமாகும் என்று நினைத்துத்தான் இது.

முதலில் அந்தச் சொல் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. கலம் அங்கே செல். இலத்திரன் எலக்ட்ரான், ஒட்சிசன் ஆக்சிஜன், ஆர்முடுகல் முடுக்கம். இவற்றால் பெரிய ஆபத்து இல்லை, ஒரே பொருளுக்கு இரண்டு பெயர், பிள்ளை இரண்டையும் தெரிந்துகொண்டு போகட்டும். ஆபத்து எங்கே என்றால், ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வரும்போது. வேகம் அப்படிப்பட்ட சொல். பிள்ளைக்குச் சந்தேகமே வராது, ஏனென்றால் சொல் தெரிந்த சொல்லாயிற்றே.

இப்போது வெளியிலிருந்து எந்த வீடியோ காட்டினாலும் முதலில் கரும்பலகையில் நடுவில் ஒரு கோடு. இடப் பக்கம் "வீடியோவில்", வலப் பக்கம் "நம் புத்தகத்தில்". வேறு சொல் காதில் விழுந்தால் கையை உயர்த்த வேண்டும், நான் வீடியோவை நிறுத்துவேன், சொன்ன பிள்ளையே வந்து எழுத வேண்டும். இதில் நான் எதிர்பார்க்காத ஒரு இலாபம் கிடைத்தது. சும்மா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. நான் கவனிக்காமல் விட்ட சொல்லைக்கூடப் பிடித்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் இன்னொன்றுக்கும் உதவுகிறது. இப்போதெல்லாம் வீட்டுவேலையைப் போனில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கொப்பியில் ஒளிச்சேர்க்கை என்று இருந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். திட்டுவதில்லை. "இதை எங்கட புத்தகப் பாஷைக்கு மாத்தி நாளைக்குக் கொண்டு வா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். மாற்ற வேண்டுமென்றால் வாசிக்க வேண்டும், வாசித்தால் பாதி விளங்கிவிடும்.

சரி, புரொஜெக்டர் வந்த கதை. 2019இல் பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கித் தந்தார்கள். சந்தன மாலையெல்லாம் போட்டு, அதிபர் பேசி, ஒரு சின்ன விழா. அடுத்த வாரமே தரம் 9க்கு ஒளித்தொகுப்பைப் பற்றி ஒரு படம் காட்டப் போனேன். ஒரு பாடவேளை 40 நிமிடம். அதில் வயரைத் தேடி, மேசையைத் தள்ளி, சன்னலுக்குச் சாக்கு கட்டி, படம் சுவரில் நேராக விழுவதற்குள் 15 நிமிடம் போய்விட்டது. மிச்ச நேரம் பிள்ளைகள் மூச்சுக்கூட விடாமல் பார்த்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். வகுப்பு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அடுத்த நாள் கேள்வி கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "டீச்சர், அந்த இலைய வெந்நியில போட்டாங்களே" என்று ஒருத்தி சொன்னாள். ஏன் போட்டார்கள் என்று கேட்டேன், சிரித்தாள்.

அமைதியை விளங்கிக்கொண்டதன் அடையாளம் என்று நான் எடுத்துக்கொண்டது அன்றைக்குச் செய்த பிழை. ஒரு மாதம் கழித்து அதே வீடியோவை வேறு வகுப்புக்குப் போட்டபோது ஓரிடத்தில் நிறுத்தினேன். இலையில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி வெயிலில் வைத்திருந்து, பச்சையம் எல்லாம் போக அற்ககோலில் சூடாக்கி, வெளுத்துப்போன இலையைத் தட்டில் விரித்திருக்கிறார்கள். அடுத்தது அயடீன் விட வேண்டும். அங்கே நிறுத்தி, எந்தப் பாதி கருநீலமாகும் என்று கொப்பியில் எழுதச் சொன்னேன், ஏன் என்றும் ஒரு வரி. வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் மூடியிருந்த பாதிதான் கறுக்கும் என்று எழுதியிருந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? "கறுப்புத் தாளால் மூடியதால்." வெளிச்சம் பட்ட பாதியில்தான் மாப்பொருள் (ஸ்டார்ச்) உண்டாகும், அயடீன் அதைத்தான் கருநீலமாக்கும் என்று நான் மூன்று பாடவேளை பேசியிருக்கிறேன், பிள்ளைகள் தாளின் நிறம் இலையில் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தால் மற்றப் பாதி நீலமாவதைப் பார்த்து எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள், எனக்கு இது தெரிந்தே இருக்காது. அன்றைக்கு மிச்ச வீடியோவைப் போடவே நேரம் கிடைக்கவில்லை, வாக்குவாதத்திலேயே மணி அடித்துவிட்டது. இப்போது ஆறு நிமிட வீடியோ என்றால் அதில் இரண்டு நிமிடம்தான் காட்டுகிறேன், நிறுத்தும் இடத்தை முதல்நாள் இரவே பார்த்து நிமிடத்தையும் விநாடியையும் கொப்பியில் குறித்துவைத்துக்கொள்வேன்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். எல்லாரையும் போல நாங்களும் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பத் தொடங்கினோம். முதல் வாரம் நான் அனுப்பிய வினாத்தாளைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளையின் அப்பா கோல் எடுத்தார். "டீச்சர், தமிழ்ல அனுப்புறேன்னு சொன்னீங்க, இது இங்கிலீசுல வந்திருக்கு. இங்கிலீசும் இல்ல, என்னமோ கமாவும் புள்ளியுமா இருக்கு." பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அப்படியே கோப்பை அனுப்பியிருந்தேன். நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பாதி வினாத்தாள் இன்னும் பாமினியில்தான் கிடக்கிறது, கணினியில் அந்த எழுத்துரு இருந்தால் தமிழ், போனில் திறந்தால் குப்பை. இதற்கு விடை மிகச் சுலபம், பீ.டி.எஃப்.ஆக மாற்றி அனுப்பினால் எழுத்து அப்படியே வரும், அல்லது ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் தளம் எத்தனையோ இருக்கிறது. ஆனால் இது எனக்குத் தெரிய வர ஒரு அப்பா கோல் எடுக்க வேண்டியிருந்தது. எத்தனை பேர் கோல் எடுக்காமல், நமக்குத்தான் விளங்கவில்லை என்று விட்டிருப்பார்கள்?

இரண்டாவது பாடம் நேரத்தைப் பற்றியது. காலை எட்டு மணிக்குப் பாடம் அனுப்பிவிட்டு, ஏன் பதில் இல்லை என்று பத்து மணிக்குக் குழுவில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். லயத்தில் பிறந்த எனக்கே இது விளங்க நாள் எடுத்தது என்பதுதான் வெட்கம். போன் அம்மாவிடம் இருந்தால் அம்மா மலையில், போன் அப்பாவிடம் இருந்தால் அப்பா கொழும்பில் கடையில். பிறகு ஒரு கொப்பி போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கோல் எடுத்து மூன்று கேள்வி கேட்டேன். போன் யாருடையது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், எங்கே நின்றால் கவரேஜ் கிடைக்கும். மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்களை வைத்துத் தோட்டத்துக்கு ஒரு வரைபடமே போடலாம். கோயில் மேடு, வாட்டர் டேங்க் பக்கம், இஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, மேலே உள்ள வளைவு. அதற்குப் பிறகு பாடம் அனுப்புவது மாலை ஆறரைக்கு, வீடியோ கிடையாது, இரண்டு நிமிடத்துக்குள் குரல் பதிவு, பாடநூலின் பக்க எண், ஒரு கேள்வி. குரல் பதிவுக்கு டேட்டா கொஞ்சம்தான் போகும், ரீலோட் போட வசதியில்லாத வீட்டிலும் ஒரு வாரம் ஓடும். பாடநூல்தான் எல்லாப் பிள்ளைகளிடமும் இலவசமாக இருக்கிறதே, அதைப் படம் எடுத்து அனுப்பி டேட்டாவைக் கரைப்பானேன்?

பதிலையும் குரலிலேயே அனுப்பச் சொன்னேன், எழுதிப் படம் எடுத்தால் பாதி மங்கலாக வருகிறது என்பதால். ஒரு நாள் பாடநூலில் ஒரு பந்தியை வாசித்து அனுப்பச் சொல்லியிருந்தேன். தரம் 9 பையன் ஒருவனுடைய பதிவு நாலு நிமிடம். தகரத்தில் மழை விழுகிற சத்தம், நடுவில் ஒரு குழந்தை அழுகிறது, அவன் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுகிறான், "இ... ல... இலத்... திரன்." ஒன்பது வருடம் பள்ளிக்கூடம் வந்தவன். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது அவன் குரலும் சேர்ந்து கேட்கும், உதடும் அசையும், நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் இந்தக் குரல் பதிவை நான் விடவில்லை. தவணைக்கு ஒரு முறை, ஒவ்வொரு பிள்ளையும் இடைவேளையில் என் போனில் ஒரு பந்தி வாசித்துவிட்டுப் போக வேண்டும். பஸ்ஸில் வரும்போது கேட்பேன். அந்தப் பையனுக்குத் தரம் 3 தமிழ்ப் புத்தகத்தை யாருக்கும் தெரியாமல் கொடுத்து, தினம் ஒரு பக்கம் பதிவு செய்து அனுப்பவைத்தேன். இப்போது அவன் ஹட்டனில் ஒரு போன் திருத்தும் கடையில் நிற்கிறான். என் போனின் கண்ணாடியை மாற்றித் தந்தவனும் அவன்தான், காசு வாங்கவில்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் எங்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன, லக்ஷபான மின்சாரம் இந்த மலைத் தண்ணீரில்தான் உண்டாகிறது, எங்கள் புரொஜெக்டர் பெட்டியில் தூங்கியது. கரண்ட் இல்லாமல் எதைச் செய்யலாம் என்று தேடியபோதுதான் பிளிக்கர்ஸ் (Plickers) அட்டைகளைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித அட்டை, அதில் கறுப்புக் கட்டங்களாக ஒரு உருவம், ஒவ்வொன்றும் வேறு வேறு. நாலு பக்கமும் நாலு விடை. சரியென்று நினைக்கிற விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், நான் போனில் அதற்கான செயலியைத் திறந்து கெமராவை வகுப்பின் மேலாக ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன விடை என்று திரையில் விழும். பிள்ளைகளிடம் போன் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவன் எப்படித் திருப்பியிருக்கிறான் என்று பார்த்தும் பயனில்லை, அவனுடைய உருவம் வேறு. கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிடலாம், என் போனின் டேட்டா போதும்.

முதல் நாள் நாசம். அட்டை மழையில் நனைந்து கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று என் சொந்தக் காசில் ஹட்டனில் லெமினேட் செய்துகொண்டு போயிருந்தேன். சன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளவென்று மின்ன, போனுக்கு ஒன்றும் தெரியவில்லை. 40 அட்டையையும் திரும்பப் போட்டோ கொப்பி எடுத்து பிரிஸ்டல் போர்டில் ஒட்டினோம். அட்டையில் இங்கிலீசு எழுத்துத்தான் இருக்கும், நம் பிள்ளைகளுக்கு 1, 2, 3, 4 என்றுதான் பழக்கம், அதனால் பின்பக்கம் சின்னதாக இலக்கத்தை எழுதிக்கொள்ளச் செய்தேன். பெரிதாக எழுதினால் பின்வாங்குக்காரன் பார்த்துவிடுவான். விடை வந்தவுடன் யார் பிழை என்று வகுப்புக்குக் காட்டுவதில்லை. எத்தனை பேர் எந்த விடை என்பதை மட்டும் பலகையில் எழுதுவேன். 14 பேர் இரண்டாம் விடை, 17 பேர் மூன்றாம் விடை என்று எழுதிவிட்டு ஐந்து நிமிடம் அவர்களையே பேசவிட்டு, திரும்பவும் அட்டையைத் தூக்கச் சொன்னால் எண்ணிக்கை மாறும். சில நாள் பிழையான பக்கத்துக்கே எல்லாரும் மாறிவிடுவார்கள், வாய்க்காரன் ஒருவன் அந்தப் பக்கம் இருந்தால்.

கதி, வேகத்துக்குத் திரும்பி வருகிறேன். அந்தப் பரீட்சைக்குப் பிறகு இந்தப் பாடத்தை வீடியோவால் நடத்துவதில்லை என்று முடிவெடுத்தேன். பார்ப்பதை விட்டுவிட்டு நாமே படம் எடுப்போம் என்று தோன்றியது. எட்டு அடி பீ.வீ.சீ. குழாய் ஒன்றை நெடுக்காக இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் பலகையில் கட்டி, 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கறுப்புக் கோடு போட்டு, ஒரு முனைக்குக் கீழே ஒரு செங்கல்லைக் கிடையாக வைத்தோம். கண்ணாடிக் குண்டு ஒன்றை மேலே விட்டால் மெதுவாக உருளும். நாலு எட்டுத் தள்ளி நின்று போனில் வீடியோ. அதை லெப்டொப்பில் வீ.எல்.சீ. பிளேயரில் போட்டு, கீபோர்டில் ஈ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு சட்டம், அதாவது வீடியோவின் ஒரு தனிப் படம், நகரும். விநாடிக்கு 30 சட்டம் என்பார்கள், அதை நம்பிவிடாமல் முதலில் சுவர்க் கடிகாரத்தை 10 விநாடி படம் எடுத்து எண்ணிப் பார்த்தோம். ஒருவன் அழுத்த, வகுப்பே சத்தமாக எண்ணியது. முதல் நாள் 300க்கு நிறையக் குறைந்தது! மூடுபனி இறங்கி வகுப்பு இருட்டாக இருந்தது, வெளிச்சம் குறைந்தால் சில போன்கள் தானாகவே சட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அடுத்த நாள் வெயில் வந்ததும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்த் திரும்பவும் எண்ணினோம், 300.

குண்டு முதல் விநாடியில் போனது 14 சென்ரிமீற்றர். இரண்டாவதில் 43, மூன்றாவதில் 72, நாலாவதில் 101. ஒரு விநாடிக்கும் அடுத்த விநாடிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிக்கச் சொன்னேன். 29, 29, 29. இப்படி அச்சாக வந்தது அந்த ஒரு தடவைதான், பிறகு செய்த தடவைகளில் ஒன்றிரண்டு கூடக் குறைய வந்தது, அதையும் சொல்ல வேண்டும். "டீச்சர், கூடுறது மட்டும் மாறவே இல்ல" என்றாள் முன்வாங்கில் ஒருத்தி. ஆர்முடுகல் என்ற சொல்லை நான் அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன். கலிலியோ சாய்தளத்தில் பந்தை உருட்டி 1, 3, 5, 7 என்ற இதே ஒழுங்கைக் கண்டார், அவரிடம் போன் இல்லை, தண்ணீர் ஒழுகவிட்டு நேரத்தை அளந்தார் என்று சொன்னதும், 14ஆல் 43ஐப் பிரித்துப் பார்த்து கிட்டத்தட்ட மூன்று வருகிறது என்று கத்தினார்கள். வேகத்துக்குத் திசை உண்டு என்பதையும் அங்கேயே சொல்ல முடிந்தது. குழாயை மறுபக்கம் சாய்த்துவிட்டு, கதி அதேதான், வேகமும் அதேதானா என்று கேட்டேன். குண்டு அன்றைக்குத் தேயிலைக்குள் ஓடித் தொலைந்தது, மூன்று பேர் தேடப் போய் மணி அடித்த பிறகுதான் வந்தார்கள்.

கணினி அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கே ஆச்சரியமாக இருந்தது அங்கே நடந்ததுதான். ஐ.சி.டி. ஆசிரியர் மாற்றலாகிப் போக, ஒரு வருடம் அந்தப் பாடமும் என் தலையில் விழுந்தது. விரிதாள் பாடம். மாணவர் புள்ளி, கடை பில் என்று வழக்கமான உதாரணங்கள். பிள்ளைகள் கூட்டல் சூத்திரத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி அடித்துவிட்டு விளையாட்டைத் திறந்துவிடுவார்கள். ஒரு நாள் சலித்துப்போய், "உங்க அம்மா நேத்து எத்தனை கிலோ எடுத்தாங்க?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. சரி, ஒரு மாதம் தினமும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். அம்மா வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் தோட்டத்தில் வேலை செய்யாத வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களுக்குச் சோடாப் போத்தலை வெட்டி மழை அளக்கிற வேலை.

மாதக் கடைசியில் வரைபு போட்டார்கள். ஒரு பக்கம் மழை, ஒரு பக்கம் கிலோ. மழை பெய்து வெயில் வந்த பிறகு கொழுந்து கூடுகிறது என்று ஒரு குழு பெரிய எழுத்தில் முடிவு எழுதிவிட்டது. நானும் சரியென்றுதான் நினைத்தேன். ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொல்ல, அம்மா சிரித்தாராம். "மழையெல்லாம் இல்ல, அந்த வாரம் எங்களுக்கு நல்ல மலை கெடைச்சிச்சு. அதுக்கு முந்தி கெடைச்சது கவாத்து வெட்டி அப்பதான் வளர்ற மலை, அதுல என்னா கொழுந்து இருக்கும்?" அடுத்த நாள் விரிதாளில் எந்த மலை, அதாவது எந்தத் தேயிலைப் பகுதி, என்று ஒரு நிரல் (நெடுவரிசை) கூடியது, மழைக்காக எழுதிய முடிவை அவர்களே அழித்தார்கள். இரண்டு கோடு சேர்ந்து ஏறினால் ஒன்று மற்றதுக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதே என்பதை நான் எப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பேனோ தெரியாது.

ஒரு பிள்ளையின் கணக்கில் அந்த மாதம் 19 நாள், மொத்தம் 412 கிலோ. அம்மாவின் சம்பளச் சிட்டையில் 374. பிள்ளை சூத்திரம் பிழை என்று மூன்று தடவை திரும்ப அடித்தாள். 38 கிலோ எங்கே போனது? நானும் பார்த்தேன், சூத்திரம் சரி. வீட்டில் கேட்டபோதுதான் தெரிந்தது, அம்மா சொல்லி வந்தது தராசில் விழுந்த நிறை, சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று நாளைக்கு இரண்டு கிலோ கழித்துத்தான் எழுதுவார்கள். 19ஐ இரண்டால் பெருக்கினால் 38. அம்மாவுக்கு இது புதிதில்லை, எத்தனையோ வருடமாகத் தெரிந்ததுதான், ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோ என்று கூட்டிப் பார்த்ததில்லை. வெயில் நாளிலும் ஏன் ஈரத்துக்குக் கழிக்கிறார்கள் என்று பிள்ளை என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, கழிவு என்று இன்னொரு நிரல் போடச் சொன்னேன். அதிபர் கொஞ்சம் பயந்தார், தோட்டத்தோடு பிரச்சினை வரப்போகிறது என்று. வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் லயத்தில் நாலைந்து பேர் சிட்டையைக் கொண்டுவந்து அந்தப் பிள்ளையிடம் காட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் பயிற்சிப் பட்டறையில் சொல்வதில்லை. எங்கள் குளிருக்கும் ஈரத்துக்கும் புரொஜெக்டர் வில்லையில் (லென்ஸ்) பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற, ஈரத்தை உறிஞ்சும் அந்தச் சின்ன சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்துப் போட்டு வையுங்கள், அவ்வப்போது புதியவற்றை மாற்றிப் போடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி இடிக்கும்போது ரவுட்டரைக் கழற்றாமல் போய் ஒன்றை எரித்தோம், இப்போது மூன்று மணிக்குப் பிளக்கைக் கழற்றுவது ஒரு பிள்ளையின் கடமை, பெயர்ப் பட்டியலே இருக்கிறது. இணையத்தை நம்பி வகுப்புக்குப் போகாதீர்கள். பெட் (PhET) என்று அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் செய்த விஞ்ஞான விளையாட்டுகள் இருக்கின்றன, மின்சுற்றுக்கு அருமையானது, வீட்டில் ஒரு முறை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோனால் இணையம் இல்லாமலே ஓடும். சிலது தமிழிலும் உண்டு, சொல்லை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன தவணை பெற்றோர் கூட்டத்துக்கு அந்த 38 கிலோ பிள்ளையின் அம்மா வந்திருந்தார். மலையிலிருந்து நேரே வந்திருக்கிறார், கொழுந்து எடுக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்குகூட இடுப்பில் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த மகளின் வரைபுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அவருக்கு வாசிக்க வராது என்று மகள் சொல்லியிருந்தாள். விரலால் கோட்டின் மேலே ஏறி இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, "இது என்னா பள்ளம்?" என்று கேட்டார்.

"நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்கள்ல, அந்த மூணு நாளும்மா."

"அப்ப ஞாயித்துக்கெழம கைக்காசுக்கு எடுத்தது?"

மகள் என்னைப் பார்த்தாள். கையில் காசு வாங்கிக்கொண்டு எடுத்த அந்தக் கொழுந்தை அவள் போடவே இல்லை, எனக்கும் தோன்றவில்லை. இன்னொரு நிரல் வேண்டும்.